மடக்குக் கத்தியுடன் காசிக்கு

நவம்பர் 12, புதன்

பெட்டி கட்டி முடித்தாயிற்று. நாளைக் காலையில் ரயில். காசி, கயா, அயோத்தி, கடைசியில் பிரயாகை. முதலில் போகவேண்டியது பிரயாகைதான் என்று தமயந்தி முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள். திரும்பி வர அங்கிருந்துதான் டிக்கெட் கிடைத்தது என்று டூர் மேனேஜர் பார்த்திபன் கையை விரித்துவிட்டான்.

அவளுக்கு மற்ற ஊரெல்லாம் இரண்டாம் பட்சம். பிரயாகையில் வேணி தானம் செய்யவேண்டும், அதற்குத்தான் இந்தப் பயணமே. படகில் உட்கார்ந்து புருஷன் பெண்டாட்டியின் தலையை வாரிப் பின்னி, பின்னல் நுனியை நறுக்கிக் கொடுக்கவேண்டும். அதைத் திரிவேணியில் விட்டால் மிதக்காமல் முழுகிவிடுமாம். அப்படிச் செய்த தம்பதிக்குள் கடைசிவரை பிரிவு வராதாம். கல்யாணமாகி முப்பது வருஷம் முடிந்ததும் செய்வதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். என்னைக் கேட்டுக்கொண்டா வேண்டினாள்? இருந்தாலும் போன மாதம் முழுக்க ஜன்னல் கம்பியில் சணல் கயிற்றைக் கட்டி எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்தாள். நானும் பழகிக்கொண்டேன்.

"இவ்ளோ இறுக்காதீங்க. அங்க இருக்கப்போறது என் தலை" என்று சிரித்தாள்.

கத்தி, பிளேடு எதுவும் கொண்டுவர வேண்டாம், கோயில்களில் விடமாட்டார்கள் என்று பார்த்திபன் போனில் சொன்னான். சரி என்றேன். சர்க்கரை ஆலையில் ஸ்டோர் பார்த்த காலத்திலிருந்து என் சட்டைப்பையில் இந்த மடக்குக் கத்தி இருக்கிறது. அது இல்லாமல் நான் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை. காசிக்குப் போவேனா?

நவம்பர் 13, வியாழன்

ரயிலில் எங்களுக்கு எதிரே செண்பகவல்லி என்று ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். எங்கள் குழுதான், தனியாக வந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் தயாளன் என்று ஒருவன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவன். நாக்பூர் பக்கம் வேலை பார்த்ததால் இந்தி தண்ணீர் பட்ட பாடு. மனைவி இறந்து சில வருஷம் ஆகிறதாம். என் வயதுதான் இருக்கும், தலை இன்னும் கறுப்பாக இருக்கிறது. சாயம்தான்.

சாயங்காலம் கொய்யாப்பழம் நறுக்க உட்கார்ந்தேன். தமயந்திக்குச் சர்க்கரை. அவள் சாப்பிடக்கூடிய பழம் இது ஒன்றுதான், அவளுக்கு உயிரும் இதுதான். வீட்டில் தினமும் நான்தான் நறுக்கிக் கொடுப்பேன். கத்தியை 'டக்'கென்று திறந்ததும் டீச்சர் காலைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டார்.

"சார், வண்டி ஆடுது. அத மூடி வச்சிருங்களேன்."

"முப்பது வருஷமா நறுக்குறேன் டீச்சர். இதுவரைக்கும் ஒரு விரலும் போகல" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பாதியில் தமயந்தி, தானே விதையை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கத்தியைக் கேட்டாள். நான் இருக்கைமேல் வைத்தேன், அவள் எடுத்துக்கொண்டாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், பிரிவு வரும் என்பது அவள் அம்மா வீட்டு நம்பிக்கை. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட என் கையிலிருந்து நேராக வாங்கியதில்லை.

டீக்காரன் வந்தான். சர்க்கரை இல்லாத டீ வேண்டும் என்று நான் கையாட்டிக் காட்டியது அவனுக்குப் புரியவில்லை. தயாளன் இரண்டு வார்த்தை பேசினான், டீ வந்துவிட்டது.

"நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றாள் தமயந்தி.

இந்த வாக்கியத்தை அவள் என்னிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறாளா என்று யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். நினைவு வரவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

ரயில். அவன் இந்தி பேசினான். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காசிக்கு நேற்றே வந்துவிட்டோம். லாட்ஜ் பரவாயில்லை. துவைத்த துணி காயவில்லை. தமயந்திக்கு வயிறு சரியில்லை என்றதும் தயாளன் சமையல்காரனிடம் சொல்லித் தயிர்சாதம் குழைவாக வாங்கிவந்தான். நான் கேட்டிருந்தால் அந்தச் சமையல்காரன் எனக்கு ரொட்டியைத்தான் கொடுத்திருப்பான், அது வேறு விஷயம்.

இன்று காலை விசுவநாதர் தரிசனம். வாசலில் சோதனை. போனையும் பையையும் பக்கத்துக் கடைப் பெட்டகத்தில் வைத்தோம். கத்தியையும் அதில் வையுங்கள் என்றான் பார்த்திபன். கடைக்காரனின் முழி எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனையோ பேர் வந்துபோகிற இடத்தில் என் கத்தியை எப்படி வைக்க?

"சார், சாமிய பாக்க வந்துட்டு கத்திய பாத்துக்கிட்டு நிப்பீங்களா?" என்றான் பார்த்திபன்.

"நீங்க போயிட்டு வாங்க" என்றேன்.

தமயந்தி, "வச்சிட்டு வாங்களேன். நான் வேணா கடைக்காரன்கிட்ட பத்திரமா பாத்துக்கச் சொல்லச் சொல்றேன்" என்றாள். யாரைச் சொல்லச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். என்னை விட்டுவிட்டுப் போகமாட்டாள் என்று நினைத்தேன். போனாள்.

சந்தில் ஒரு மாடும் நானும் நின்றிருந்தோம். திரும்பி வருகையில் அவள் நெற்றி நிறைய விபூதி, முகத்தில் அப்படி ஒரு தெளிவு. பின்னாலேயே அவன், பிரசாதப் பையைப் பிடித்துக்கொண்டு.

"கூட்டத்துல யார் கையப் புடிச்சுக்கிட்டே?"

"டீச்சர் கைய" என்றாள். கேட்டதும் சட்டென்று சொன்னாள். சட்டென்று சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

நவம்பர் 17, திங்கள்

புடவைக் கடைக்கு எல்லோருமாகப் போனோம். தயாளன் கடைக்காரனோடு மல்லுக்கட்டி விலையைக் குறைத்தான். அரக்கு நிறப் புடவையை எடுத்து, "இது உங்களுக்கு எடுப்பா இருக்கும் மேடம்" என்றான். அவள் அதையே எடுத்தாள். நான் பச்சையைக் காட்டியிருந்தேன்.

எனக்கு வயிறு எரிந்தது. எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கப்போவது யார்?

ஆனால் நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடையில் ஓரமாக உட்கார்ந்து கத்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கைக்கு ஒரு வேலை வேண்டாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் எழுந்து எதிர்ப்பக்கம் போனார். புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த பையன்கூட என் கையையே பார்த்தான். பழம் நறுக்கும் கத்தியைப் பார்த்து இப்படி நடுங்கும் ஜனங்களை நான் இப்போதுதான் பார்க்கிறேன். வீட்டில் இவர்கள் பல்லால்தான் காய் நறுக்குவார்களோ என்னவோ.

லாட்ஜுக்கு வந்ததும் பார்த்திபன் தனியாகக் கூப்பிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். எல்லாரும் கொஞ்சம் பயப்படுறாங்க."

"எதுக்கு?"

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "கத்திக்குத்தான் சார்" என்றான்.

"பயந்தவங்கள கண்ண மூடிக்கச் சொல்லு" என்றேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கயா. அப்பா அம்மாவுக்குப் பிண்டம் வைத்தேன். அந்த நேரத்தில் மட்டும் மனது அமைதியாக இருந்தது. எள்ளும் தண்ணீரும் விடும்போது தமயந்தி என் பின்னால் நின்று சொம்பை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். வேறு எதையும் நினைக்கவில்லை.

பிறகு ஆலமரத்தடியில், பிடித்த காய் ஒன்றும் பழம் ஒன்றும் விடவேண்டும் என்றார்கள். விட்டதை ஆயுளுக்கும் தொடக்கூடாது. நான் பாகற்காயை விட்டேன்.

"அது உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காதே" என்றாள் தமயந்தி.

"சாமிக்குத் தெரியவா போவுது."

பின்னாலிருந்து எவனோ, "சார் அந்தக் கத்திய விட்டிருக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ரொம்ப நாள் அடக்கிவைத்திருந்த சிரிப்பு மாதிரி இருந்தது.

காயில் அவள் கத்தரிக்காயை விட்டாள். பழத்தில் கொய்யாவை விட்டாள்.

முதலில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். "கொய்யாவா?"

"புடிச்சதத்தானே விடணும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பலாப்பழம் அவளுக்குப் பிடிக்காதா? மாம்பழம் பிடிக்காதா? சர்க்கரை வந்தபின் அவை இரண்டும் எப்படியும் தொடமுடியாதவைதான். அவற்றில் ஒன்றை விட்டிருந்தால் சாமி கோபித்துக்கொண்டிருக்குமா? தினம் சாயங்காலம் நான் நறுக்கிக் கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து விட்டிருக்கிறாள். இனிமேல் சாயங்காலம் நான் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை.

தயாளனும் கொய்யாவை விட்டான். அவன் ஏன் கொய்யாவை விடவேண்டும்?

நவம்பர் 19, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கயாவிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது வழியில் நிறுத்தினார்கள். ஒரு வண்டியில் பெரிய பப்பாளி வாங்கினார்கள். கத்தி யாரிடமும் இல்லை. என்னைப் பார்த்தார்கள். பயந்தவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்தார்கள். கேட்டால் கொடுப்போம் என்று பேசாமல் நின்றேன். தயாளன்தான் வந்தான்.

"சார், ஒரு நிமிஷம் குடுங்களேன்."

கொடுத்தேன். கூட்டத்தில் சின்னப் புத்தி காட்டக்கூடாது. அவன் பப்பாளியை இரண்டாகப் பிளந்தான். அவன் கை சாற்றில் நனைந்திருந்தது. தமயந்தி, "குடுங்க, நான் விதை எடுக்குறேன்" என்று கை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் வாங்கினாள். கைக்குக் கை. நடுவில் எதன்மேலும் வைக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் விதையை வழித்துப்போட்டு, கத்தியைத் துடைத்து, எனக்கு மட்டும் பஸ் படிக்கட்டில் வைத்தாள்.

லாட்ஜ் அறைக்கு வந்ததும் கேட்டேன். முப்பது வருஷமாக என் கையில் வாங்காதவள் அவன் கையில் எப்படி வாங்கினாய் என்று கேட்டேன். முதலில் நான் எதைச் சொல்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. அல்லது புரியாததுபோல் இருந்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்கூட சண்ட வந்தா எனக்கென்னங்க? திருச்சில எறங்குனா அவரு யாரோ நான் யாரோ. உங்ககூட வரக்கூடாதுன்னுதானே இத்தன வருஷமும் கீழ வைக்கச் சொன்னேன்."

நல்ல பதில். முன்கூட்டியே யோசித்துவைத்த பதில் என்று சொன்னேன்.

"எத யோசிச்சு வச்சேன்? என்னங்க ஆச்சு உங்களுக்கு? அந்த டீயிலேருந்தே நீங்க சரியில்ல."

அதன்பின் நான் ஒன்றும் செய்யவில்லை. கத்தியை மேசையில் குத்திவைத்தேன், அவ்வளவுதான். லாட்ஜ் மேசை, ஏற்கெனவே கீறல் விழுந்தது. கொஞ்சம் சத்தம் வந்தது. சத்தத்துக்குக் காத்திருந்ததுபோல் கதவு தட்டும் ஓசை. அவன்.

"மேடம், ஏதாவது வேணுமா?"

என்னைக் கேட்கவில்லை. மேடத்தைக் கேட்கிறான். ஒன்றும் வேண்டாம் என்று அவள் சொன்னாள். அவன் உடனே போகவில்லை. கதவுக்கடியில் அவன் நிழல் நின்றுகொண்டே இருந்தது.

நவம்பர் 20, வியாழன்

அயோத்தி. சரயுவில் குளியல். என் துண்டு தொலைந்துவிட்டது.

ஒரு விஷயம் கவனித்தேன். தமயந்தி இப்போதெல்லாம் தனியாக இருப்பதே இல்லை. குளிக்கப் போனால் டீச்சர் கூடப் போகிறார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் டீச்சர் வந்து, "இங்க வாங்க தமயந்தி, அந்தப் பக்கம் காத்து அடிக்கும்" என்று கூட்டிக்கொண்டு போகிறார். பார்த்திபன் எங்களுக்குப் பின்னாலேயே வருகிறான். கோயிலைச் சுற்றி வரும்போது திரும்பிப் பார்த்தால் யாராவது ஒருவர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் தயாளன் பேசி வைத்திருக்கிறான். டீச்சர் காதில் அவன் குசுகுசுவென்று சொன்னதை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் நிறுத்தினான். இருவரையும் சேர்த்துவைக்க ஒரு பஸ் நிறைய ஆள். இந்தி தெரிந்தால் எதையும் செய்யலாம் போலிருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் தமயந்தி தலையணையை எடுத்துக்கொண்டு நின்றாள். "டீச்சருக்கு ஒடம்பு முடியலையாம். இன்னிக்கு அவங்க ரூம்ல படுத்துக்கவா?"

"படுத்துக்கோ" என்றேன்.

டீச்சர் கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் ஆறு பூரி சாப்பிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

பிரயாகை. தெருவெல்லாம் கொய்யா. இந்த ஊர்க் கொய்யாதான் நாட்டிலேயே பேர்போனது என்று யாரோ சொன்னார்கள். தோல் சிவந்து, ஒவ்வொன்றும் கைக்கு அடங்காத அளவு. வண்டி வண்டியாகக் குவித்து வைத்திருக்கிறார்கள். பழக்கதோஷத்தில் இரண்டு வாங்கிவிட்டேன். லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து நறுக்கி, தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"விட்டுட்டேனேங்க" என்றாள்.

நானே சாப்பிட்டேன். நல்ல பழம். ஒரு ருசியும் தெரியவில்லை.

அவள் போகாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குப் படகு. வருவீங்கல்ல?"

"அந்த ரயில்வே கார்ட கூப்பிடு. அவன் நல்லாப் பின்னுவான்."

சொன்னதும் என் வாய் எனக்கே கசந்தது. அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை.

"பின்னுறதுக்குப் புருஷன்தாங்க வேணும். நீங்க வரலைன்னா நான் செய்யாமலே ஊருக்கு வந்துர்றேன். வேண்டுதல் அப்படியே கெடக்கட்டும். ஆனா அதுக்கப்பறம் என்ன நடந்தாலும் நான் வேண்டாம இருந்ததால நடந்ததுன்னு யாரும் சொல்லமுடியாது."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அவள் போனபிறகு கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

விளக்கு வைத்ததும் தயாளன் வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினான்.

"சார், உங்க கத்திய நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்கிட்ட குடுத்து வைங்க. ரயில்ல ஏறுனதும் குடுத்துர்றேன்."

"ஏன், பப்பாளி வாங்கியிருக்கியா?"

"மேடத்துக்காகக் கேக்குறேன் சார்."

மேடத்துக்காகவாம். அந்த ஒரு வார்த்தையில் நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக்குப் போகிறேன். பெண்டாட்டி இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டும். யார் தலையை யார் வாருகிறார்கள் என்று கண்ணாரப் பார்க்கட்டும். நுனியையும் என் கத்தியால்தான் நறுக்கப்போகிறேன்.

நவம்பர் 22, சனி

 இதை இன்றே எழுதிவிடவேண்டும்.

பெரிய படகு, எங்கள் குழு முழுவதும் அதிலேயே ஏறிக்கொண்டது. தமயந்தி அரக்குப் புடவையைக் கட்டவில்லை, கல்யாணக் கூறைப்புடவையைக் கட்டியிருந்தாள். வேணி தானம் செய்யும் தம்பதி எங்களைத் தவிர இன்னும் ஒரு ஜோடி. சாஸ்திரிகள் தமிழ்க்காரர், பல தலைமுறையாக அங்கேயே இருப்பவர். இரண்டு நதியும் சேரும் இடத்தில் படகை நிறுத்தச் சொன்னார்.

"ஆம்படையான்கிட்ட அனுமதி கேளுங்கோம்மா."

தமயந்தி எல்லோர் முன்னிலையிலும் என் காலைத் தொட்டு, "அனுமதி குடுங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. தயாளனைப் பார்த்தேன். அவன் படகின் நடுப்பலகையில், எங்களுக்கு ரொம்பக் கிட்டே உட்கார்ந்திருந்தான். டீச்சர் அவனுக்குப் பக்கத்தில்.

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கூந்தலை அவிழ்த்துவிட்டு வாரினேன். நரை நிறைய இருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. இடுப்புக்குக் கீழே வரை வருகிறது. மூன்று புரியாகப் பிரித்து, சணல் கயிற்றில் பழகியதுபோல் பின்னினேன். இறுக்காமல்தான் பின்னினேன். சாஸ்திரிகள்கூட, "பேஷ், கை பழக்கமிருக்கே" என்றார். பூ வைத்தேன். குங்குமம் வைத்தேன்.  இவள் என் பெண்டாட்டி, இவளை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சாஸ்திரிகள் கத்தரிக்கோலை நீட்டினார்.

"என்கிட்டயே இருக்கு" என்று சொல்லிக் கத்தியை எடுத்து, 'டக்'கென்று திறந்தேன்.

படகே எழுந்து நின்றது. தயாளன், டீச்சர், பார்த்திபன், அந்த இன்னொரு ஜோடி, பின்வரிசைக் கிழவர்கள்வரை எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. படகோட்டி இந்தியில் கத்தினான். சாஸ்திரிகள், "உக்காருங்கோ, உக்காருங்கோ, கவுந்துடும்" என்று பதறினார். யாரும் உட்காரவில்லை.

"வேணாம் சார்" என்றார் டீச்சர். அழுதுகொண்டிருந்தார்.

தயாளன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். எப்போது பிடித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தமயந்தியை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் கையை மட்டுமே பார்த்தான்.

"முடி வெட்டப்போறேன்யா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெரியும் சார். மொதல்ல மூடுங்க."

நான் தமயந்தியைப் பார்த்தேன். அவள் ஒருத்திதான் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பின்னல் நுனி என் இடது கையில், அவள் இடுப்புக்குக் கீழே இருந்தது. நறுக்கவேண்டியது அங்கே. ஆனால் அவள் இரண்டு கையையும் தூக்கிப் பிடரியைப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தன. வளையல்கள் மட்டும் சத்தம் போட்டன.

கத்தியை மூடினேன். சாஸ்திரிகளிடம் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினேன். தயாளன் கையை எடுத்தான். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நுனியை நறுக்கி, மஞ்சள் குங்குமத்தோடு அவள் கையில் கொடுத்தேன். ஒரு கையை மட்டும் இறக்கி வாங்கினாள். தண்ணீரில் விட்டாள். சொன்னதுபோல் முழுகிவிட்டது. நல்லபடியாக முடிந்தது என்று சாஸ்திரிகள் ஆசீர்வாதம் செய்தார்.

 கரையில் இறங்கும்போது டீச்சர் என்னிடம் மெல்லச் சொன்னார்.

"அந்தப் புடவக் கடையில நீங்க தமயந்திய பாத்துக்கிட்டே அதத் தொறந்து தொறந்து மூடுனீங்க சார். அன்னைக்குத்தான் தயாளன் சார் எங்க எல்லார்கிட்டயும் சொன்னாரு, அந்தம்மாவத் தனியா விட்டுறாதீங்கன்னு."

தமயந்தியைப் பார்த்துக்கொண்டா திறந்தேன்? நான் அவனைத்தான் பார்த்தேன் என்று நினைத்திருந்தேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ரயில். தமயந்தி என் எதிரே உட்கார்ந்து துணி மடிக்கிறாள். தயாளன் வேறு பெட்டிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். இப்போது டீ கேட்க நானேதான் கையாட்டுகிறேன்.

பகல் முழுவதும் கேட்காமல் இருந்தேன். டீச்சர் எழுந்துபோன நேரத்தில் கேட்டேன்.

"நேத்து படகுல எதுக்குப் பிடரியப் பொத்திக்கிட்டே?"

அவள் மடித்துக்கொண்டிருந்த என் சட்டையைக் கீழே வைத்தாள்.  என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். எனக்கு வலிக்கக்கூடாது என்று அவள் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும்.

"கழுத்துல வெயில் சுள்ளுனு பட்டுதுங்க" என்றாள்.

நேற்றுக் காலையில் வெயிலே வரவில்லை. சால்வை போர்த்திக்கொண்டுதான் படகில் ஏறினோம்.